காட்டிக்கொடுத்தது நாக்கா, வெயிலா: கொலம்போவின் போர்ட் ஒயின் எபிசோட்

கேள்வி, மார்ச் 2, மாலை

'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரில் எந்த எபிசோட் சிறந்தது என்று எங்கே பேச்சு வந்தாலும் 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நடிப்பு பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் மொத்தக் கேஸும் ஒரே ஒரு பாட்டிலில் நிற்கிறது. சில நாள் ஏசியை நிறுத்தினால் ஒயின் வாயில் வைக்க முடியாதபடி கெட்டுவிடுமா? கெட்டாலும், ஒரே வாயில் 'இது சூடு பட்டது' என்று கண்டுபிடிக்க முடியுமா? கதைக்காக வளைத்த சங்கதியாகவே எனக்குப் படுகிறது.

மார்ச் 2, இரவு 9.40

கெடும். கண்டுபிடிக்கவும் முடியும். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே முடிவு வரை எல்லாம் வருகிறது.

1973 அக்டோபர் 7 அன்று என்பிசியில் வந்தது, மூன்றாவது சீசனின் இரண்டாவது எபிசோட். இயக்கம் லியோ பென். கதை லாரி கோஹன், திரைக்கதை ஸ்டான்லி ரால்ஃப் ராஸ். ஏட்ரியன் கார்சினி (டொனால்ட் பிளெசன்ஸ்) கலிஃபோர்னியாவில் ஒயின் ஆலை நடத்துகிறார். உயிரைக் கொடுத்து நடத்துகிறார், ஆனால் சொத்து தம்பி ரிக் பெயரில் இருக்கிறது. அப்பா ஒருவர்தான், அம்மா வேறு. ரிக் அதை மலிவு ஒயின் செய்யும் கம்பெனிக்கு விற்கப்போகிறேன் என்கிறான். ஏட்ரியன் ஆத்திரத்தில் அடித்துவிடுகிறார். ரிக் சாகவில்லை, மயங்குகிறான். அவனைக் கட்டி, தன் சொந்தச் சேகரிப்பு இருக்கும் காற்றுப் புகாத அறைக்குள் போட்டு, ஏசியை அணைத்துவிட்டு, நியூயார்க்கில் நடக்கும் ஒயின் ஏலத்துக்கு விமானம் ஏறுகிறார். திரும்பி வரும்போது ரிக் மூச்சு முட்டிச் செத்துக் கிடக்கிறான். உடலுக்கு முக்குளிப்பு உடையை மாட்டிக் கடலில் தள்ளுகிறார். டைவிங் போன இடத்தில் விபத்து என்று ஊர் நம்பவேண்டும்.

கடைசியில் துப்பறியும் போலீஸ் அதிகாரி கொலம்போ இவரையும் செயலாளர் கேரனையும் விருந்துக்கு அழைத்துப்போய் விண்டேஜ் போர்ட், அதாவது 1945ஆம் ஆண்டு அறுவடையில் மட்டும் செய்த போர்ட் ஒயின் ஒன்றைத் திறக்கச் சொல்கிறார். ஏட்ரியன் ஒரு வாய் வைத்ததும் உணவகமே அதிரக் கத்துகிறார். சூட்டில் கெட்டுப்போன ஒயின், இதை மனுஷன் குடிப்பானா என்று. அந்தப் பாட்டில் அவர் அறையிலிருந்தே கொலம்போ எடுத்து வந்தது. ஆக, அந்த அறை சூடாகியிருக்கிறது. ஆக, யாரோ ஏசியை அணைத்திருக்கிறார்கள்.

ஒயினை 12 முதல் 14 டிகிரி செல்சியஸில், அதைவிட முக்கியமாக ஏறி இறங்காத வெப்பத்தில் வைக்கவேண்டும். 30ஐத் தாண்டினால் பழத்தின் புது மணம் போய், கொதித்த ஜாம், உலர்ந்த திராட்சை, கருகிய சர்க்கரை வாடை வரும். இதைக் கண்டுபிடிக்க ஏட்ரியன் அளவுக்கு நாக்கு வேண்டியதில்லை. நல்ல பாட்டில் ஒன்றையும் சூடு பட்ட பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மார்ச் 2, இரவு 11.15

தலைப்பைப் பற்றி ஒரு வரி. புயலில் மாட்டிய கப்பலுக்கு எந்தத் துறையானாலும் சரி என்பது ஆங்கிலப் பழமொழி. போர்ட் என்றால் துறைமுகம், போர்ட் என்றால் ஒயினும்கூட. இந்த ஒயினுக்குப் பெயர் வந்ததே போர்த்துகலின் போர்த்தோ துறைமுக நகரத்திலிருந்து. கடலில் தள்ளிய உடல், நடுவில் பெய்த மழை, கடைசியில் ஒரு போர்ட் பாட்டில். மூன்றையும் ஒரே தலைப்பில் அடைத்துவிட்டார்கள்.

மார்ச் 3, காலை

நேற்று 'கெடும்' என்று ஒரே வெட்டாகச் சொன்னதைத் திருத்தவேண்டும். இரண்டு விஷயத்தைக் குழப்பிவிட்டேன். எபிசோடும் அதையே குழப்புகிறது.

ஒயின் கெட்டதற்கு ஏட்ரியன் சொல்லும் காரணம் ஆக்ஸிஜனேற்றம், அதாவது காற்று பட்டுக் கெடுவது. நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது போல. சூடு பட்டுக் கெடுவது வேறு, அதை ஒயின்காரர்கள் 'வெந்துபோச்சு' என்பார்கள். மூடிய பாட்டிலுக்குள் காற்றில்லாமலே அது நடக்கும். இரண்டும் கடைசியில் ஒரே பாட்டிலில் சேர்ந்து வரலாம், ஆனால் வருகிற வழி வேறு.

வழியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 750 மில்லி பாட்டில், 20 சதவீத ஆல்கஹால் உள்ள போர்ட். 13 டிகிரியிலிருந்து 38க்குப் போனால் திரவம் ஏறக்குறைய 8 மில்லி விரியும். கண்ணாடி அவ்வளவு விரியாது. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 18 அல்லது 19 மில்லிமீட்டர். அந்தக் கழுத்தில் 8 மில்லி என்றால் 3 சென்டிமீட்டர் உயரம். புதுப் பாட்டிலில் ஒயினுக்கும் கார்க்குக்கும் நடுவே இருக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அந்தக் காற்று நசுங்கி, கார்க்கை வெளியே தள்ளும், இல்லாவிட்டால் ஒயின் கார்க்கின் ஓரமாகக் கசியும். மேலே இருக்கும் உறையைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல பாட்டிலில் உறை லேசாகச் சுழலும். கசிந்ததில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அசல் ஆபத்து இதற்குப் பிறகுதான். அறை மறுபடி குளிர்ந்தால் ஒயின் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், தளர்ந்த கார்க் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்ஸிஜன் போவது அப்போதுதான். ஏசியை அணைத்தது மட்டும் அந்த ஒயினைக் கெடுக்கவில்லை. ஊரிலிருந்து வந்து அதே சுவிட்சை மறுபடி போட்டதும் சேர்ந்துதான் கெடுத்திருக்கும்.

1945 பாட்டில் என்றால் 1973இல் 28 வயது. அந்த வயதில் ஒயின் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் விரிய இடம் கூடுதல். ஆனால் கார்க் நொந்துபோயிருக்கும். இரண்டும் சமனாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 3, மதியம்

'போர்ட் ஏற்கெனவே பதப்படுத்தின ஒயின்தானே, அது எப்படிக் கெடும்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி, எபிசோடின் பலவீனமான இடமும் இதுதான். திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். புளிக்காமல் மிஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில். இரண்டும் சேர்ந்து அதைச் சாதாரணச் சிவப்பு ஒயினைவிட முரட்டுப் பிள்ளையாக ஆக்கிவிடுகின்றன.

வேதியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 10 டிகிரிக்கு வினையின் வேகம் இரட்டிப்பு. 13லிருந்து 33க்குப் போனால் நான்கு மடங்கு. ஒரு வாரம் அப்படி இருந்தால் நான்கு வார முதுமை கூடும். 28 வருஷம் கிடந்த ஒயினுக்கு நான்கு வாரம் ஒரு பொருட்டா? வெந்த வாடை தரும் வினைகள் இதைவிட வேகமாக ஏறும் என்பது உண்மைதான். ஆனாலும் வாயில் வைக்க முடியாத அழுக்கு என்பது மிகை.

அந்த அறையில் பழைய பிரெஞ்சு பர்கண்டி ஒயின் பாட்டில்கள் இருந்து, அதில் ஒன்றை எடுத்துப் போயிருந்தால் அறிவியல் கச்சிதமாக இருந்திருக்கும். ஆனால் தலைப்பு போயிருக்கும்!

மார்ச் 3, இரவு

மெதேய்ராவை யாரும் சொல்லவில்லையே. அதே போர்த்துகலின் ஒயின், அட்லாண்டிக் தீவிலிருந்து வருவது. அதை வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள். தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை, குறைந்தது 90 நாள். உயர்ந்த ரகத்தைப் பீப்பாயில் ஊற்றிக் கூரைக்கடியில் வெப்பத்தில் வருஷக்கணக்கில் போட்டுவிடுவார்கள். பழைய காலத்தில் கப்பலின் அடித்தளத்தில் வெப்பமண்டலம் தாண்டி வந்த பீப்பாயில் சுவை கூடியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்த முறை.

ஏட்ரியன் மெதேய்ரா மட்டும் சேர்த்துவைத்திருந்தால் கொலம்போவுக்குக் கடைசி விருந்தில் ஒன்றும் கிடைத்திருக்காது.

மார்ச் 4

ஒயினை விடுங்கள். என் கணக்கில் நிற்காதது மூச்சு முட்டுகிற பகுதிதான்.

சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய கால் லிட்டர் ஆக்ஸிஜன் எடுத்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு விடுகிறார். நாளொன்றுக்குக் கரியமில வாயு சுமார் 320 லிட்டர். மூடிய அறையில் முதலில் கொல்வது ஆக்ஸிஜன் இல்லாமை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே கரியமில வாயு வேலையைத் தொடங்கிவிடும். 5 சதவீதத்தில் மூச்சிரைப்பும் தலைவலியும், 10 சதவீதத்தில் நினைவு தப்பும், அப்புறம் சாவு.

4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் என்று ஒரு அறை. 30 கன மீட்டர். அதில் 10 சதவீதம் என்றால் 3,000 லிட்டர். நாளுக்கு 320 லிட்டர் வீதம் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஆனால் பிணப் பரிசோதனையில் ரிக் சாவதற்கு முன் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று வருகிறது. அப்படியானால் அவன் அறைக்குள் இருந்தது இரண்டு நாள். இரண்டு நாளில் 640 லிட்டர். அதற்கு அறையில் இருந்த காற்று ஆறரை கன மீட்டர்தான் இருக்கவேண்டும். ஏழெட்டு பீரோ அளவு. திரையில் காட்டுகிற அறையில் ஆள் நடமாடுகிறார்கள்.

இன்னொன்று. வயிறு காலியாக இருப்பதை வைத்து இரண்டு நாள் என்று சொல்ல முடியாது, ஒரு முழுச் சாப்பாடு நாலைந்து மணி நேரத்தில் வயிற்றைவிட்டு இறங்கிவிடும். சிறுகுடலும் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். கண்ணின் உள்திரவத்தை எடுத்து யூரியாவும் சோடியமும் பார்த்திருந்தால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். அது கடலில் மிதந்த உடலுக்கு இன்னும் பெரிய சாட்சி.

மார்ச் 4, இரவு

'அப்போ ஏசி நின்றால் மூச்சு எப்படி நிற்கும்?' அதுதான். இரண்டு வகை உண்டு. ஒயின் அறைக்கு இன்று மாட்டுகிற குளிர்விப்பான்கள் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்று வராது. அப்படியானால் சுவிட்ச் போட்டிருந்தாலும் அணைத்திருந்தாலும் ரிக்குக்கு ஒரே கதிதான். ஏட்ரியனின் அறையில் இருப்பது குழாய் வழியாக வெளிக்காற்றைக் குளிர்வித்து அனுப்புகிற வகை என்று வைத்துக்கொண்டால்தான் அணைத்ததும் மூச்சு, குளிர் இரண்டும் ஒன்றாக நிற்கும். எழுதியவர்கள் அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

முக்குளிப்பு விபத்துக்கு இந்த முறை எவ்வளவு பொருத்தம் என்பதையும் கவனியுங்கள். கழுத்தை நெரித்தால் தடம், விஷம் கொடுத்தால் தடம். தலையில் அடியும் மூச்சு முட்டலும் மட்டும் இருந்தால்? பாறையில் தலை மோதி மயங்கினான், டாங்கில் காற்று தீர்ந்தது, செத்தான். நுரையீரலில் கடல்நீர் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பதில் உள்ளேயே இருக்கிறது, வாயில் குழாய் இருந்ததே. ஒரே ஒரு வேலை பாக்கி, டாங்கைக் காலி செய்யவேண்டும். 11 லிட்டர் டாங்கில் 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்று இருக்கும். வால்வைத் திறந்து விட்டால் காது அடைக்கும் சத்தத்தோடு போகும். யாருமில்லாத இடத்தில் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை.

மார்ச் 5

நேற்றைய 30 கன மீட்டரில் ஒரு பிழை. அறைக்குள் ரேக்கும் பாட்டிலும் இருக்கின்றன, அவை அடைக்கும் இடத்தைக் கழிக்கவில்லை. ஒரு பாட்டில் கண்ணாடியோடு சேர்த்து ஒரு லிட்டருக்குச் சற்று மேல் அடைக்கும். 3,000 பாட்டில் என்றால் மூன்றரை கன மீட்டர் போகும். ஒன்பது நாள் எட்டாகும், இரண்டாகாது. கட்டிலிருந்து விடுபடத் திமிறினால் மூச்சு இரண்டு மூன்று மடங்காகும், ஆனால் அதை யாராலும் மணிக்கணக்கில் செய்ய முடியாது. என் முடிவு மாறவில்லை.

அதே பாட்டில்கள் வெப்பத்தையும் தடுக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆயிரம் பாட்டிலை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 3.4 மெகாஜூல் வேண்டும். 25 டிகிரி ஏற்ற 85 மெகாஜூல், அதாவது 24 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐந்து நாளில் ஏறவேண்டுமானால் ஒவ்வொரு ஆயிரம் பாட்டிலுக்கும் சுவர் வழியாக இடைவிடாமல் 200 வாட் உள்ளே வந்துகொண்டிருக்கவேண்டும். மேலே கட்டிய, காப்பு சுமாரான அறையென்றால் நடக்கும். மண்ணுக்கடியில் என்றால் நடக்காது. மனித உடம்பு ஒன்று மட்டும் சும்மா கிடந்தாலே 80 முதல் 100 வாட் விடும். ரிக் உயிரோடு இருந்த இரண்டு நாளில் அவன் உடம்பின் சூடே அந்த ஒயின்களை ஏற்றத் தொடங்கியிருக்கும். இதை எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து அந்த உணவகக் காட்சியை அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை.

மார்ச் 6

பாட்டிலை எடுத்துப்போன விதம் பற்றி. விண்டேஜ் போர்ட்டை அறுவடையிலிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச வயதெல்லாம் பாட்டிலுக்குள். அதனால் உள்ளே கனமாக மண்டி படியும், கீழ்ப்பக்கம் ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். பழைய பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைச் சாயம் ஒரு தீற்று இருக்கும். அந்தப் பக்கம் எப்போதும் மேலே பார்த்துப் படுக்கவைக்கவேண்டும் என்பதற்கான அடையாளம். இடம் மாற்றினாலும் மண்டி அதே பக்கம் இருக்க.

அப்படிப்பட்ட பாட்டிலைக் கோட்டுக்குள் ஒளித்து, அந்த லொடலொட காரில் போட்டுக்கொண்டு போனால் மண்டி கலங்கிவிடும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிமிர்த்தி வைக்கவேண்டும். பிறகு கார்க்கை உடையாமல் எடுக்கவேண்டும். பழைய கார்க் திருகியில் நொறுங்கும் என்பதால் சிலர் இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சிக் கழுத்தைப் பிடித்து, உடனே ஈரத்துணியால் தொட்டுக் கண்ணாடியையே வெட்டி எடுப்பார்கள். அப்புறம் கழுத்துக்கு அடியில் மெழுகுவர்த்தி வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக டிகேண்டரில், அதாவது பரிமாறும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றவேண்டும். வெளிச்சத்தில் கருப்பு நூல் மாதிரி மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடவேண்டும். கடைசி இரண்டு மூன்று விரற்கடை பாட்டிலிலேயே போகும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏட்ரியன் கத்தும்போது மண்டியைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை, சூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறார். கலங்கிய போர்ட் என்றால் முதலில் நாக்கில் மணல் நெருடும், அவர் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். ஆகவே கொலம்போ பாட்டிலை விருந்தன்றைக்கு எடுத்துவரவில்லை. முன்னாடியே உணவகத்தில் கொடுத்து நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு நிபுணரைத் தேடிப்போய் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிக்கொடுக்கக் கேட்ட அதே ஆள், மண்டி விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். உணவகத்தில் பதறுகிற நிர்வாகியாக வரும் விட்டோ ஸ்காட்டியின் முகத்தை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

'தவளை தன் வாயால் கெடும் கதை' என்று ஒருவர் முடித்துவிட்டார். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கொலம்போவிடம் மாட்டும் மற்றவர்களைப் பாருங்கள். எல்லோரும் பொய் சொல்லி மாட்டுகிறார்கள், ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதில் ஒரு நூல் பிரிகிறது. ஏட்ரியன் மட்டும் உண்மையைச் சொல்லி மாட்டுகிறார். ஒயின் கெட்டிருக்கிறது, சூட்டில் கெட்டிருக்கிறது. அந்த மேசையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். ஒயின் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது, தன் உயிரே போவதானாலும்.

மார்ச் 8, சற்றுக் கழித்து

மேலே எழுதினதில் கடைசி வரி தப்பு. அது யாருடைய பாட்டில் என்று அவருக்குத் தெரியாது. உணவகத்தின் பாட்டில் என்று நினைத்துத்தான் கத்துகிறார். உயிரே போவதானாலும் உண்மை சொல்வாரா என்பதற்கு அந்தக் காட்சியில் சோதனையே இல்லை. தெரிந்திருந்தால் சிரித்துக்கொண்டே குடித்திருக்கலாம்.

சோதனை அதற்கு அடுத்த காட்சியில் வருகிறது. தன் அறையில் இருப்பதெல்லாம் கெட்டுவிட்டது என்று புரிந்த பிறகு அவர் என்ன செய்கிறார்? பாட்டில்களைக் கொண்டுபோய்க் கடலில் எறிகிறார். அங்கேதான் கொலம்போ வந்து நிற்கிறார். தடயத்தை அழிக்கிறார் என்று சொல்லலாம், கணக்குப்படி அது சரி. ஒரு பாட்டிலை வைத்து வழக்கு நிற்காது: அதிகாரி அனுமதியில்லாமல் எடுத்தார், காரில் வைத்திருந்தார், எங்கே சூடானது என்று யாருக்குத் தெரியும் என்று எந்த வக்கீலும் கேட்பார். அறையில் மிச்சமிருக்கும் பாட்டில்களும் அதே போலக் கெட்டிருந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் எறிவது புத்திசாலித்தனம்.

ஆனால் பிளெசன்ஸ் எறிகிற விதத்தைப் பாருங்கள். அவசரம் இல்லை, சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை. தடயம் அழிக்கிற ஆள் அப்படி எறியமாட்டார். கெட்டதை வீட்டில் வைத்திருக்க முடியாத ஒருவர் எறிகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 12

நான்கு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது இன்று பிடிபட்டது.

துப்பு இரண்டைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, ரிக்கின் கார். டைவிங் போனவன் விட்டுப்போனதாகக் கடற்கரையில் நாள்கணக்கில் நின்றதாகச் சொல்லப்படும் கார். நடுவில் செவ்வாய்க்கிழமை மழை பெய்திருக்கிறது. கார் மழையே பார்க்காத மாதிரி மினுங்குகிறது. இரண்டு, அதே வாரத்தில் ஒரு நாள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கிறது, அதாவது 38 செல்சியஸுக்கு மேல்.

ஒன்று மழை, ஒன்று வெயில். இரண்டும் லாஸ் ஏஞ்சலஸின் வானிலை. ஏட்ரியனுக்கு இரண்டும் தெரியாது. ஏன்? அவர் நியூயார்க்கில் இருந்தார். கொலை நடந்தபோது நான் ஊரிலேயே இல்லை என்று காட்டத்தான் அங்கே போனார். ஊரில் இல்லாததால்தான் மழை பெய்ததும் தெரியவில்லை, வெயில் கொளுத்தியதும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் காரின் மேல் நாலு வாளித் தண்ணீரையும் கொஞ்சம் மண்ணையும் வீசிவிட்டு, மடக்கு சைக்கிளில் வீடு திரும்பியிருப்பார். அறைக்குள் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்திருப்பார்.

முதல் கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் திருத்திய பதில். அறிவியல் பாதி நிற்கிறது. போர்ட் அந்த அளவுக்குக் கெடாது, ரிக் அத்தனை சீக்கிரம் சாகமாட்டான். ஆனால் 'நான் அங்கே இல்லை' என்பதையே துப்பாக மாற்றின கட்டமைப்பில் ஒரு செங்கல் அசையவில்லை.

மார்ச் 13

கேரனை மறந்துவிட்டோம் என்று ஒருவர் கண்டித்திருக்கிறார், நியாயம். ஜூலி ஹாரிஸ் அந்தப் பாத்திரத்தில் கடைசி வரை குரலே உயர்த்துவதில்லை. ஏட்ரியனைக் காப்பாற்றப் போலீஸிடம் பொய் சொல்லிவிட்டு, பிறகு அதையே கயிறாக்கிக் கல்யாணம் கேட்கிறார். மிரட்டல் என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லை, காபி வேண்டுமா என்று கேட்கிற தொனியில் நடந்துவிடுகிறது. ஏட்ரியன் கொலம்போவிடம் சட்டென்று ஒத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இவர்தான். அந்தக் கல்யாணத்தோடு ஒப்பிட்டால் சிறை அவருக்கு விடுதலையாகத் தெரிகிறது.

மார்ச் 20

கடைசிக் காட்சி ஒயினைப் பற்றி இரண்டு பேர் கேட்டதால்.

கைது செய்து அழைத்துப்போகும் வழியில் கொலம்போ ஆலைக்கு வெளியே காரை நிறுத்தி, ஏட்ரியனுக்கு ஒரு இனிப்பு ஒயின் ஊற்றிக் கொடுக்கிறார். மொன்டெஃபியாஸ்கோனே. ரோமுக்கு வடக்கே போல்சேனா ஏரிக்கு மேல் இருக்கும் ஊர். அந்த ஊர் ஒயினின் பெயர் 'எஸ்ட்! எஸ்ட்!! எஸ்ட்!!!', ஆச்சரியக்குறிகளோடு சேர்த்து. அதன் பின்னால் ஒரு கதை உண்டு: 1111இல் ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெர்மானிய ஆயர் ஒருவர், நல்ல ஒயின் கிடைக்கும் விடுதிக் கதவில் 'எஸ்ட்', அதாவது லத்தீனில் 'இருக்கிறது', என்று எழுதிவைக்கச் சொல்லித் தன் வேலையாளை முன்னால் அனுப்பினார். மொன்டெஃபியாஸ்கோனேயில் அவன் மூன்று முறை எழுதிவிட்டான். ஆயர் அங்கேயே தங்கி, குடித்தே செத்தார் என்று முடிப்பார்கள். சான் ஃபிளாவியானோ தேவாலயத்தில் அவருடைய கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

இன்று அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இனிப்பில்லாத, லேசான வெள்ளை ஒயின். பெரும்பகுதி திரெபியானோ திராட்சை, கூட மால்வாசியா திராட்சை. எபிசோடைப் பார்த்துவிட்டு வாங்கப்போகிறவர்கள் 'அமாபிலே' என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள், கொஞ்சம் இனிப்பு ரகம் அதுதான். குளிரவைத்து, 8 முதல் 10 டிகிரியில் குடிக்கவேண்டும். வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கிற ஒயின் அல்ல.

ஏட்ரியன் குடித்துப் பார்த்து, நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார். கொலம்போவுக்கு முகம் மலர்கிறது. அந்த ஒயினை மட்டும் ஏட்ரியன் குறை சொல்லவில்லை.